குடையோடு போகிறவனுக்குப் பின்னால்

இருபத்து மூன்றாவது ஷாட்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது, இப்போது ஐந்தாவதுதான் திரையில் நிற்கிறது என்று சண்முகவடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செமினார் நாளில் ஆசிரியை கடைசி பெஞ்சுக்குப் போய்விட வேண்டும், முன்னால் இருக்கிற மேசையும் திரையும் பிள்ளைகளின் ராஜ்ஜியம் என்று விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் துறையில் சட்டம் போட்டவளே அவள்தான். அவள் போட்ட சட்டங்களுக்கா பஞ்சம்! ஒரு பாட்டு வீடியோவை எடுத்துக்கொண்டால் ஷாட் ஷாட்டாக நிறுத்திக் காட்ட வேண்டும். நிறுத்திய படத்தில் முன்னால் நிற்கிறவரிலிருந்து பின்னால் நிற்கிறவர் வரை யார் யார் என்று சொல்ல வேண்டும், ஓரத்தில் ஒரு நாய் நின்றால் அதையும் சொல்ல வேண்டும், கதை எந்த மூலையில் கிடக்கும் என்று யார் கண்டது. ஒரு ஷாட்டை விட்டாலும் மார்க் கிடையாது. ஒருத்தர் எடுத்த பாட்டை இன்னொருத்தர் தொடக்கூடாது. பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் இதையெல்லாம் 'வடிவு மேம் ரூல்' என்று பயந்தும் கேலி செய்தும் பேசிக்கொள்வார்கள். அந்த ரூலில் இன்றைக்கு வடிவு மேமே வசமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபத்து மூன்றாவது ஷாட்டில், குடையோடு நடந்து போகிற கதாநாயகனுக்குப் பின்னால், காரைக்கால் தெரு ஒன்றில், ஒரு பேக்கரிக்கும் ஒரு தையல்கடைக்கும் நடுவிலுள்ள வாசலில், அவள் மகள் அபிநயா பெரிய வயிற்றோடு நிற்கிறாள். பக்கத்தில் இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு சண்முகவடிவும் நிற்கிறாள். பேக்கரிப் பலகையில் தெருப் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கிறது. இந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தி வகுப்புக்கு விளக்கிக்கொண்டிருக்கிறவளோ, அபிநயாவை இரண்டு வருஷமாக ஊர் ஊராகத் தேடுகிற வேல்துரையின் மகள்.

பெயர் பிரம்மசக்தி. சண்முகவடிவின் கொழுந்தன் மகள். வீட்டில் பெரியம்மா என்பாள், கல்லூரி வாசலுக்குள் காலை வைத்தால் மேம் என்பாள், இந்த மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவள் வாய் தவறியதில்லை. அந்த வாய்தான் இப்போது சொல்லிக்கொண்டிருந்தது: "ஃபர்ஸ்ட்ல எல்லாம் சரியா இருக்கு மேம். ஜெராக்ஸ் கடைப் பையன், டெய்லி வர்ற பொண்ணு, மெஷின் சத்தத்தையே பாட்டோட தாளமா வெச்சிருக்காங்க. இது சமநிலை. அவ குடையை மறந்து வெச்சிட்டுப் போறா, மறுநாள் வரல. இங்க குலையுது. குலைஞ்சதைச் சரி பண்ண அவன் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறான். கடைசியில வேற ஒரு சமநிலை வரும், ஆனா பழைய மாதிரி இருக்காது." இதைச் சொல்லிக்கொடுத்தவளே சண்முகவடிவுதான். கரும்பலகையில் ஒரு நேர்க்கோடு, நடுவில் ஒரு கோணல், பிறகு சற்றுக் கீழே இன்னொரு நேர்க்கோடு என்று வரைந்து, உலகத்துக் கதையெல்லாம் இதற்குள் அடங்கும் பிள்ளைகளா என்று சொல்லியிருக்கிறாள். அடங்குமா? அவள் வீட்டுக் கதை எங்கே குலைந்தது? வேல்துரையைக் கேட்டால் அபிநயா காலேஜ் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறிப் போன அந்தத் திங்கட்கிழமை என்பான். அபிநயாவைக் கேட்டால், அவள் சித்தப்பா அவள் போனைப் பிடுங்கித் துவைகல்லில் அடித்தாரே, அப்பா பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தாரே, அன்றைக்கே குலைந்துபோனது என்பாள். ஆறுமுகநயினாரைக் கேட்டால், அவர் எதைச் சொன்னார், சாப்பாடு எடுத்துவை என்பார். புருஷன் என்று ஒருத்தர், மகள் பேரை வாயில் எடுத்து இரண்டு வருஷமாகிறது. கோணல் எங்கே தொடங்குகிறது என்பது கோடு போடுகிறவன் கையைப் பொறுத்தது. இதை மட்டும் அவள் வகுப்பில் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஏழாவது ஷாட்டா ஓடுகிறது? எட்டு. கடவுளே, இந்தப் பிள்ளை என்ன இவ்வளவு வேகமாகப் போகிறது.

நிறுத்திவிடலாம். எழுந்து, தலைவலிக்கிறது, மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லலாம். அப்புறம்? நாளைக்கும் அதே ஷாட் அதே இடத்தில்தான் இருக்கும். ப்ரொஜெக்டர் வயரைக் காலால் இடறிவிடலாம், மின்சாரம் போகலாம், பிரின்சிபால் கூப்பிட்டுவிடலாம். வேண்டாத நேரத்தில் எல்லாம் வந்து நிற்கிற ஆபீஸ் பாய் இன்றைக்கு எங்கே தொலைந்தார்? மின்விசிறி தலைக்கு மேலே கடகடவென்று சுற்றியும் முதுகெல்லாம் வேர்வை. பாட்டுத் தேர்வு நடந்த அன்றைக்கே இதை முளையிலேயே கிள்ளியிருக்க வேண்டும். கிள்ளத்தான் பார்த்தாள். "எல்லாரும் பாத்துப் பாத்துச் சலிச்ச பாட்டு, வேற எடு" என்று சொன்னாள். பிரம்மசக்தி அசையவில்லை. "இல்ல மேம், எனக்கு இதான் வேணும்." இதே பாட்டுக்கு இன்னும் மூன்று பேர் கை தூக்கினார்கள், ஜெபஸ்டின் சண்டைக்கே வந்தான், அவனோடு மல்லுக்கு நின்று வாங்கினாள். ஏன் அப்படி நின்றாள்? அன்றையிலிருந்து சண்முகவடிவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாள். அதுதான் காரணம். அப்பாவும் மகளும் பேசிவைத்துக்கொண்டு, நாலு பேருக்கு நடுவே திரையில் ஆள் உயரத்துக்குக் காட்டி, பெரியம்மா இது யார் என்று கேட்கப்போகிறார்கள். இல்லை, அப்படி இருக்காது. சின்னப் பிள்ளை, பாட்டு பிடித்திருக்கும், எடுத்திருப்பாள். அபிநயாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை இது, அக்கா அக்கா என்று. ஆனால் வேல்துரையும் அபிநயாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நெல்லையப்பர் தேர் பார்க்கப் போனவன்தானே. அதே வேல்துரைதான் வீட்டு ஹாலில் நின்று, குரலைக்கூட உயர்த்தாமல், "கண்ணுல பட்டாப் போதும் மைனி. அதுக்குப் பெறவு நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றான். அவன் கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கோயம்புத்தூர் போனான், பெங்களூர் போனான், அபிநயா வீட்டை மீறிக் கட்டிக்கொண்ட ஜெரால்ட் என்ற பையனின் பழைய வேலையிடத்துக்கெல்லாம் கார் போட்டுப் போனான். காரைக்கால் மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. பேக்கரிப் பலகையைப் பார்த்தால் தோன்றிவிடும்.

"இப்ப பாத்திரங்கள்" என்றாள் பிரம்மசக்தி. ஒரு ருஷ்யாக்காரர் நாடோடிக் கதைகளை அக்கக்காகப் பிரித்துப் போட்ட கணக்கு அது: கதாநாயகன், வில்லன், உதவி செய்கிறவன், அனுப்பி வைக்கிறவன், தேடப்படுகிறவள். ஆள் முக்கியமில்லை, அவன் கதையில் என்ன வேலை செய்கிறான் என்பதே முக்கியம் என்று சண்முகவடிவு வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்கிற பாடம். திரையில் பெண்ணின் அண்ணன் புல்லட்டில் வந்து டீக்கடை முன்னால் நின்றான். படம் அப்படியே நின்றது. "இவர்தான் வில்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள் பிரம்மசக்தி. "ஆனா பாருங்க, ஹீரோவும் தேடுறான், அண்ணனும் தேடுறான். ரெண்டு பேரும் விசாரிக்கிறது இதே டீக்கடைக்காரர்கிட்டதான். ரெண்டு ஷாட்டும் ஒரே ஆங்கிள். வேலை ஒண்ணுதான்." முன் பெஞ்சிலிருந்து ஜெபஸ்டின், "கையில குடை இருந்தா ஹீரோ, அடியில புல்லட் இருந்தா வில்லன், இது தெரியாதா?" என்றான். வகுப்பு சிரித்தது. பிரம்மசக்தி சிரிக்கவில்லை. "அவங்க ரெண்டு பேருக்கும் இன்னொரு ஒத்துமையும் இருக்கு. உன்னைக் கண்டுபிடிக்கட்டுமான்னு அவகிட்ட யாரும் கேக்கல." சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாளா, இல்லை பேசுகிற பிள்ளைகள் எல்லாரும் மார்க் போடுகிற கையைப் பார்ப்பார்களே அந்த மாதிரியா? சண்முகவடிவு தலையைக் குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி கிறுக்கினாள். இது ஜாடையா? ஜாடை என்றால் எந்தப் பக்கத்து ஜாடை? தப்பிப் போனவள் பக்கமா, நீ ஒளித்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்கிற மிரட்டலா? இந்தக் குரலில் வேல்துரையின் நிதானம் இருக்கிறது. கத்தாத குரல். ஐயோ, அதே குரல்.

எல்லாம் சண்முகவடிவின் படிப்பு செய்த வேலை. விடைத்தாள் திருத்தத் திருச்சிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காரைக்காலுக்குப் போன நாள் அது. இட்லி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், வெளியே ஒரே களேபரம். "அம்மா, ஷூட்டிங்மா, வாங்களேன் பாப்போம்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி எழுந்தாள் அபிநயா. மாசக்கணக்காக வாசல் தாண்டாதவள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேமரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்து, கண்ணாலேயே கோடு போட்டு, "இந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் நின்னா ஃபிரேமுக்கு வெளிய, தைரியமா நில்லு" என்று சொன்னாள். இருபது வருஷம் ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்தவள் சொன்னால் மகள் நம்பாமல் இருப்பாளா? நின்றாள். ஒரு யூனிட் பையன் ஓடிவந்து "ஓரம் போங்கக்கா" என்றபோதுகூட, "எங்களுக்குத் தெரியும் தம்பி" என்று பெருமையாகச் சொன்னாள் சண்முகவடிவு. தெரிந்த லட்சணம்! அகல லென்ஸ் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. தூண் என்ன, தூணுக்கு அப்பால் பேக்கரியே ஃபிரேமுக்குள் இருந்திருக்கிறது. மூன்று மாசம் கழித்துப் பாட்டு வெளிவந்தது. ஒரு சாயங்காலம் அவள் அடுப்படியில் நிற்க, கூடத்தில் ஆறுமுகநயினார் போனில் அந்தப் பாட்டு ஓடியது. எட்டிப் பார்த்தாள். அந்த இடம் வந்தது, மகள் வந்தாள், கண் இமைக்கிற நேரம், போய்விட்டாள். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஓடுகிற படத்தில் யாரும் அபிநயாவைப் பார்க்க மாட்டார்கள், எல்லார் கண்ணும் குடைமேல்தான் இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். ஆனால் நிறுத்தினால்? நிறுத்தி, பின்னால் நிற்பது யார் என்று கேட்டால்? உலகத்தில் வேறு எங்கும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவள் வகுப்பில் மட்டும் கேட்பார்கள்.

குழந்தை பிறந்து இரண்டு மாசமாகிறது. பயிற்சிப் பட்டறை என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போய் ஒரு மத்தியானம் மடியில் வைத்திருந்துவிட்டு வந்தாள். பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுவைத்துச் சேனை கொடுத்தது பக்கத்துத் தையல்கடைக்காரம்மா. சொந்தத்தில் ஓர் ஆள் இல்லை. பஸ்ஸில் திரும்பி வருகையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று இருந்தது. தொண்டை வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஒரு கரண்டி சீனியை எடுத்து யார் கையிலாவது போட்டு, எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கு என்று சொல்ல முடியவில்லை. சந்தோஷத்தை ஒளித்துவைப்பது துக்கத்தை ஒளிப்பதைவிடக் கஷ்டம், அது மூஞ்சியில் வந்து நின்றுவிடுகிறது. ஆறுமுகநயினார்கூட ஒரு நாள், "என்ன, சிரிச்சுக்கிட்டே பாத்திரம் தேய்க்க?" என்று கேட்டார். சும்மா என்றாள். இருபது. திரையில் இருபது. ஹீரோ ஒரு சந்தில் திரும்புகிறான். பின்னால் யார்? "கோலம் போடுற ஒரு ஆன்ட்டி, ஒரு சைக்கிள், சுவர்ல பழைய எலெக்‌ஷன் போஸ்டர்" என்று ஒன்று விடாமல் அடுக்கினாள் பிரம்மசக்தி. இவ்வளவு கவனமாகப் பார்த்தவள் அதைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? இருபத்தொன்று. குடையின் கைப்பிடி மட்டும், நெருக்கமாக. பின்னால் யாருமில்லை. யாருமில்லாத இந்தப் படம் இப்படியே நின்றுவிடக்கூடாதா? இருபத்திரண்டு. மேலிருந்து தெரு, கூரைகள், கடல் ஒரு கீற்று. சண்முகவடிவு பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரு, சாவதானமாக இரு, யார் அது என்று கேட்டால் யாரோ என்று சொல்லு, முகம் ஒத்துப்போகும், உலகத்தில் ஏழு பேர் ஒரே மாதிரி இருப்பார்களாம், ஆனால் இட்லித் தட்டோடு நிற்கிற நீ? உன்னைப் போலவும் ஏழு பேரா? உன் பச்சைக் கைத்தறிச் சேலையைப் போலவும்? அதே சேலையைத்தானே இன்றைக்கும் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாய், புத்தி கெட்டவளே. பிரம்மசக்தியின் விரல் கீபோர்டுக்குப் போனது. திரை மாறியது.

பஸ் ஸ்டாண்டு. பெஞ்சில் அந்தப் பெண். குடை அவள் மடியில் இருந்தது. தெரு இல்லை, பேக்கரி இல்லை, வாசல் இல்லை. சண்முகவடிவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. தான் கண்ணை மூடிவிட்டோமோ, மூடிய நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதோ என்று நினைத்தாள். பிள்ளைகளின் பின்னந்தலைகள் அப்படி அப்படியே இருந்தன, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இங்க புதுச் சமநிலை வருது" என்று பிரம்மசக்தி பேச்சைத் தொடர்ந்தாள், கொஞ்சம் வேகமாக. அப்போதுதான் ஜெபஸ்டின் கையைத் தூக்கினான். "ஒரு ஷாட்டு விட்டுப்போச்சு." விடுகிற ஆளா அவன், போன வாரம் ஒரே ஒரு மாட்டைச் சொல்லாமல் விட்டதற்கு மார்க்கை இழந்தவன். பிரம்மசக்தி, "அதுல ஒண்ணுமில்ல. தெருவுல நடந்து போறான், அவ்வளவுதான்" என்றாள். "ஒண்ணுமில்லன்னு நீ எப்படிச் சொல்லலாம்? நாய் நின்னாலும் சொல்லணும்லா? எனக்கு ஒரு ரூலு, ஒனக்கு ஒரு ரூலா? பின்னால யாரோ நிக்காங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. மேம், நான் என் மொபைல்ல நிறுத்திக் காட்டுதேன்." நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜெபஸ்டின் போனை எடுத்தான். பிரம்மசக்தி மேசையருகே நின்று சண்முகவடிவையே பார்த்தாள். இந்த முறை சந்தேகமில்லை, அவளைத்தான் பார்த்தாள். அந்தக் கண்ணில் மிரட்டல் இல்லை. பயம் இருந்தது, சண்முகவடிவின் வயிற்றில் இருந்த அதே பயம். அட, இந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டிருக்கிறாள். தெரிந்துதான் வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்று மல்லுக்கு நின்று இந்தப் பாட்டையே வாங்கியிருக்கிறாள்.

சண்முகவடிவு எழுந்தாள். குரல் நடுங்கவில்லை, இருபது வருஷப் பழக்கம் கைகொடுத்தது. "ஜெபஸ்டின், போனை உள்ள வை. வகுப்புல போன் எடுத்தா என்ன ரூல்னு தெரியும்லா?" அவன் வைத்தான். "ஷாட்டை விட்டா மார்க் இல்ல. அது யாரா இருந்தாலும் சரி. பிரம்மசக்தி, உனக்கு இந்தச் செமினாருக்கு மார்க் கிடையாது. இந்தப் பாட்டு இத்தோட முடிஞ்சுது. லேப்டாப்பை மூடிட்டுப் போய் உக்காரு. அடுத்தது யாரு?" சொந்தக்காரப் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லையே என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஜெபஸ்டினுக்கே சங்கடமாகிவிட்டது, "மேம், நான் அதுக்குச் சொல்லல" என்று இழுத்தான். பிரம்மசக்தி "ஓகே மேம்" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாள். திரை நீலமாக நின்றது. தன் மகளைக் காப்பாற்றிய பிள்ளையை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு சண்முகவடிவு திரும்பவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அடுத்து வந்த மாணவி ஏதோ ஒரு கல்யாணப் பாட்டைப் போட்டு, எதிரெதிர் முரண்கள் என்று பேசத் தொடங்கினாள். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. எப்போது பார்த்திருப்பாள்? வீட்டிலா, அப்பா பக்கத்தில் இருக்கும்போதா? அவள் லேப்டாப்பை வேல்துரை தொடுவானா? இன்றைக்கு விட்டவள் நாளைக்குச் சொல்லமாட்டாள் என்று என்ன நிச்சயம், அடிக்கிற கைக்கு முன்னால் இருபது வயதுப் பிள்ளை எத்தனை நேரம் தாங்கும்?

மணி அடித்து எல்லாரும் கும்பலாக வெளியேறிய பிறகு பிரம்மசக்தி பையை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்தாள். சண்முகவடிவு கதவைப் பார்த்தாள். வராந்தாவில் சிரிப்புச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீ எப்பம் பாத்த?"

"பாட்டு வந்த அன்னைக்கே. உங்க சேலையைப் பாத்துட்டுத்தான் நிறுத்துனேன், அப்புறந்தான் அக்கா தெரிஞ்சா."

"உங்க அப்பா..."

"அப்பா பாட்டுன்னா வரியைக் கேப்பாரு, படம் பாக்கமாட்டாரு. நான் யார்ட்டயும் சொல்லல." அவள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள். போகவில்லை. கேட்க ஒன்று இருந்தது, அது அவள் வாயருகே வந்து வந்து திரும்பியது. கடைசியில், கல்லூரிக்குள் அவள் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிக் கேட்டாள். "என்ன பிள்ள, பெரியம்மா?"

சொல்லாதே என்று ஒரு மனசு சொன்னது. பிறந்துவிட்டது என்று நீயே ஒப்புக்கொள்கிறாய், இதுவரை இது வெறும் படம், நீ வாயைத் திறந்தால் நிஜமாகிவிடும், இவள் வேல்துரை வீட்டுச் சோறு தின்கிற பிள்ளை, வாயை மூடு. இன்னொரு மனசு எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாசமாக அடக்கிவைத்திருந்தது தானாகவே மூஞ்சிக்கு வந்து நின்றுகொண்டது. பிரம்மசக்தி அதைப் பார்த்து முந்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சண்முகவடிவு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பொம்பளப் பிள்ளட்டீ" என்றாள். "நெத்தி அப்படியே உங்க அப்பாவுக்கு."